காப்பீடு இல்லா வாகனங்கள்: தீர்ப்பு உண்டு, இழப்பீடு இல்லை

புது தில்லி: சாலையோரம் நடந்து செல்பவர் மீது மோட்டார் சைக்கிள் மோதுகிறது. ஓட்டியவர் தப்பியோடவில்லை; வழக்கும் பதிவாகிறது. இறந்தவரின் குடும்பத்துக்குப் பல லட்சம் ரூபாய் வழங்குமாறு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடுகிறது. ஆனால், அந்த வாகனத்துக்குக் காப்பீடு இல்லை. உரிமையாளருக்கோ வண்டியைத் தவிர வேறு சொத்து இல்லை. தீர்ப்பின் நகல் மட்டுமே குடும்பத்தின் கையில் மிஞ்சுகிறது.

இது அரிதாக நேரும் அவலம் அன்று. நாட்டில் ஓடும் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை காப்பீடு இல்லாதவை என்பதை நிதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024-ல் சுட்டிக்காட்டியது. மூன்றாம் நபர் காப்பீடு இன்றி வாகனம் ஓட்டுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதல் முறை ரூ. 2 ஆயிரம் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வண்டி வாங்கும்போது எடுக்கும் காப்பீட்டைப் பலர் பின்னர் புதுப்பிப்பதில்லை. எனவே, புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு, இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை 2018 செப்டம்பர் 1 முதல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு இது.

அதே மாதம் மற்றொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. விபத்துக்குள்ளான காப்பீடு இல்லாத வாகனத்தை, உரிமையாளர் போதிய பிணை அளித்தாலன்றி விடுவிக்கக் கூடாது. மூன்று மாதங்களுக்குப் பின் ஏலம் விட்டு, தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். தில்லியில் இருந்த இந்த விதியைப் பிற மாநிலங்களும் கொண்டுவருமாறு நீதிமன்றம் பணித்தது. எனினும், நொறுங்கிய பழைய மோட்டார் சைக்கிள் ஏலத்தில் எவ்வளவுதான் ஈட்டித் தரும்?

மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டால் சட்டம் வேறு வழி காட்டுகிறது. உயிரிழப்புக்கு ரூ. 2 லட்சம், படுகாயத்துக்கு ரூ. 50 ஆயிரம் தனி நிதியிலிருந்து கிடைக்கும். 2022 ஏப்ரலுக்கு முன் இத்தொகை முறையே ரூ. 25 ஆயிரம், ரூ. 12,500 மட்டுமே. வாகனம் பிடிபட்டுவிட்டாலோ இந்தத் தொகைக்கும் வழியில்லை. நேர்மையாக நின்ற ஏழை ஓட்டுநரால் பாதிக்கப்பட்ட குடும்பம், தப்பியோடியவரால் பாதிக்கப்பட்ட குடும்பத்தைவிட மோசமான நிலைக்குத் தள்ளப்படுவது விந்தையே.

அந்தத் தனி நிதியும் உரியவர்களை எட்டுவதில்லை. 2022-ல் மோதிவிட்டுத் தப்பிய விபத்துகள் 67,387. ஆனால், 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205 மட்டுமே. இதைக் கண்ட உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இத்திட்டம் குறித்துக் காவல் துறையினர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவிட்டது.

2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஓரளவு ஆறுதல். மோதிய வாகனத்துக்குக் காப்பீடு இல்லாவிட்டாலும் ஏழு நாள்கள் வரை ரூ. 1.5 லட்சத்துக்குச் சிகிச்சை பெறலாம். எட்டாம் நாளுக்கும், இழந்த வருமானத்துக்கும் அதில் இடமில்லை.

கார் உரிமையாளர் தம்மைக் காத்துக்கொள்ள வழி உண்டு. எதிரே வந்த வாகனத்துக்குக் காப்பீடு இல்லாவிட்டாலும், சொந்தச் சேதத்துக்கான பாலிசி தம் காரின் பழுதுச் செலவை ஏற்கும். உரிமையாளரே ஓட்டினால் ரூ. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. உடன் பயணிப்போருக்குத் தனி பிரீமியம் செலுத்த வேண்டும். பாலிசியே இல்லாத பாதசாரிக்கு இவற்றால் பயனில்லை.

பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் 1946-ல் ஏற்படுத்திய பொது அமைப்பு, காப்பீடு இல்லாத வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கும் இழப்பீடு வழங்குகிறது. பிரீமியம் செலுத்துவோர் அனைவரும் அச்சுமையைப் பகிர்கின்றனர். இங்கும் வாகன விபத்து நிதி சட்டப்படி அமைந்துவிட்டது. பிடிபட்ட வாகனத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் அதன் கதவைத் திறந்துவிடுவது மத்திய அரசின் கையில்தான் உள்ளது.