ஏ.ஆர். காப்பி வாங்கியாச்சா?

தென்காசி அரசு மருத்துவமனைப் பக்கத்து டீக்கடை. ஆனி மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. தூக்குவாளியில் டீ வாங்க வந்த தங்கச்சி, மஞ்சள் பையிலிருந்து ஒரு பத்திரத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

குற்றாலம் போகிற வழியில் எழும்புகிற ஒரு லாட்ஜில் அவள் வீட்டுக்காரருக்கு நிமிந்தாள் வேலை. வயது நாற்பது. மூன்றாவது மாடியில் சென்ட்ரிங் பிரித்தபோது ஒரு பலகை காற்றில் நழுவி, கீழே கலவை அள்ளிக்கொண்டிருந்தவரின் வலது தோளில் விழுந்துவிட்டது. பத்து நாளாகியும் விரல் மடங்கவில்லை.

"இருபதாயிரம் தாறோம், இதுல கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லுதாவ அண்ணே. போடட்டுமா?"

"அதை அப்புறம் பார்ப்போம்மா. ஏ.ஆர். காப்பி வாங்கியாச்சா?"

அவளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பலருக்கும் தெரிவதில்லை. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று. அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படும் காகிதம் அது. அதனால்தான் கூட வருகிற மேஸ்திரி, "பைக்கிலிருந்து விழுந்தேன்னு சொல்லிருப்பா, போலீஸ் தொந்தரவு வேண்டாம்" என்று காதில் ஓதுகிறார். வலியில் துடிக்கிறவர் அப்படியே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வரியைப் பிறகு மாற்றுவதற்குள் குடும்பம் நொந்துபோகும். நல்லவேளை, இவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்.

அடுத்தது போலீஸ். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதாவது தர வேண்டும். கட்டடம் கட்டும்போதும் இடிக்கும்போதும் காட்டுகிற அலட்சியத்துக்கென்றே பாரதிய நியாய சன்ஹிதாவில் 290ஆவது பிரிவு இருக்கிறது. கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துவதற்கு 125ஆவது பிரிவு. ஆனால் கிரிமினல் வழக்கு தண்டனைக்கானது. வீட்டுக்கு அடுப்பெரிய வைக்கும் வழி வேறு, அது தொழிலாளர் இழப்பீடு.

1923இல் வந்த சட்டம் அது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது, சாரம் மாறவில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். பலகை யார் கையிலிருந்து நழுவியது, யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. கூலிக்காரருக்கு இவ்வளவு சாதகமான விதி இந்நாட்டுச் சட்டங்களில் அதிகமில்லை என்பேன்.

"ஹெல்மெட் போடலை, அதனால பணம் கிடைக்காதுன்னு சொல்லுதாவளே?"

இதைக் கேட்டுத்தான் பாதிப்பேர் பயந்து ஒதுங்குகிறார்கள். முதலில், ஹெல்மெட் கொடுத்தார்களா? கொடுத்து, போடு என்று தெளிவாக உத்தரவிட்டும், வேண்டுமென்றே மீறினால்தான் முதலாளி தப்பிக்க முடியும். வெறும் கவனக்குறைவு அதில் சேராது. உயிரே போனாலோ, நிரந்தரமாக முழுதும் முடங்கினாலோ, அந்தச் சாக்கும் செல்லாது.

தொகை எவ்வளவு? டீ கிளாஸை நகர்த்திவிட்டுப் பேப்பரில் எழுதிக் காட்டினேன். மாதக் கூலி எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 16,57,530. நிரந்தரமாக முழுதும் முடங்கியவருக்கான தொகை இது. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக டாக்டர் கணித்தால் 4,97,259. வைத்தியச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. தக்க காரணமின்றி இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதவீதத்தில்தான் சண்டை வரும். சீனிவாச சபதா என்ற தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. ஒரு கையை இழந்தால் இவ்வளவு என்று அட்டவணை இருந்தும், ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே இது முழு முடக்கம் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன தொழில் செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். சட்டி தூக்குகிற நிமிந்தாளுக்கு வலது தோள்தானே எல்லாம்?

கூலிக்குச் சீட்டு இல்லை என்று அவள் தயங்கினாள். மேஸ்திரியின் ஆள்கணக்கு நோட்டு, சனிக்கிழமைதோறும் ஜிபேயில் வந்த பணம், கூட வேலை பார்த்த இரண்டு பேர், செல்போனில் எடுத்த கட்டடப் படம், இவை போதும். மேஸ்திரி கையை விரித்தால் அவருக்கு மேலே உள்ள காண்ட்ராக்டர் பொறுப்பு. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் வழி வேறு, அங்கே போக வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உதவியையும் தனியாகக் கேட்கலாம்.

மனு சிவில் கோர்ட்டுக்கு இல்லை, தொழிலாளர் துறை அதிகாரிக்கு. புளியரை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று: அங்கே அடிபட்டாலும் குடியிருக்கும் ஊருக்குரிய அதிகாரியிடமே மனு கொடுக்கலாம்.

கல்குவாரிக்கும் இதே இழப்பீட்டு விதிதான். 2022 மே 14 இரவு நெல்லை அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அப்படி ஊரே திரண்டு பார்த்த விபத்துக்கு அரசும் ஓடிவரும். ஒற்றைப் பலகை விழுந்தால் யாரும் வருவதில்லை. குடும்பம்தான் கேட்டுப் போக வேண்டும்.

கடைசியாகப் பத்திரத்தாளுக்கு வந்தோம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்குவது சட்டப்படி செல்லாது. சமரசத்தை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு மல்லுக்கட்டுவானேன்? போடாதே என்றேன். அவசரத்துக்குப் பணம் வாங்கினால், 'வைத்தியச் செலவுக்கு' என்று மட்டும் எழுதிக்கொடுக்கச் சொன்னேன்.

டீ ஆறிவிட்டது. வேறு வாங்கிக்கொண்டு, ஏ.ஆர். காப்பி கேட்க உள்ளே போனாள்.

உங்கள் தெருவிலும் சாரத்துக்குக் கீழே நிற்கிறவர் ஒருவராவது இருப்பார். அவர் வீட்டில் சொல்லி வையுங்கள்: மனு கொடுக்க விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் தென்காசி கோர்ட்டில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம், அல்லது 15100க்குப் போன் செய்யலாம்.