ஏ.சி.யை மாற்றலாமா, ரிப்பேர் பார்க்கலாமா?



"தம்பி, நீ டிப்ளமோதானே படிக்கிற? எங்க வீட்டு ஏ.சி. முன்ன மாதிரி குளிரல. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா?"

இந்தக் கேள்வி உங்களிடம் இதுவரை வராவிட்டாலும் அடுத்த மார்ச் மாதம் கட்டாயம் வரும். நீங்கள் சிவில் படித்தாலும் சரி, எலக்ட்ரிக்கல் படித்தாலும் சரி, தெருவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். நாம் "மாத்திடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒரு குடும்பம் பன்னிரண்டு மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடும். அதனால் அந்த வார்த்தையைச் சொல்லும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பலரும் முதலில் கேட்பது, "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" என்றுதான். ஆனால் வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. எந்தப் பாகம் கெட்டது, அதைச் சரி செய்ய என்ன செலவு, ஒரு வருஷத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இந்த மூன்றும்தான் முக்கியம்.

கேஸ் தீருமா?

ஏ.சி. குளிரைத் தயாரிப்பதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. உள் யூனிட்டின் காயிலில் கேஸ் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி வெளி யூனிட்டுக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு, மறுபடி திரவமாகி உள்ளே வருகிறது. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை.

அப்படியானால் "கேஸ் தீர்ந்து போச்சு" என்பதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். எங்கேயோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

எங்கள் தெருவில் ஒரு அத்தை வீட்டில் மாமா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். மேலே கான்கிரீட் தளம், ஏ.சி. இல்லாமல் மே மாதத்தை ஓட்ட முடியாது. மூன்று வருஷமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் கேஸ் போட்டார்கள். மூன்றாவது முறை, "இது அவ்வளவுதாம்மா, புதுசு வாங்கிடுங்க" என்று பதில் வந்தது. பிறகு வேறொருவர் வந்து பைப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். வெளி யூனிட்டின் ஃபிளேர் நட்டில் குமிழ் வந்தது. பைப் முனையை வெட்டி, புதிதாக ஃபிளேர் செய்து, வாக்குவம் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்றினார். அந்த ஏ.சி. இன்றும் ஓடுகிறது. மூன்று வருஷம் கேஸுக்குப் போன பணம்தான் வீண்.

கத்திரி வெயிலில் தீர்ப்பு எழுதாதீர்கள்

ஏ.சி.யின் திறனை வெளியே 35 டிகிரி வெப்பம் இருக்கும்போதுதான் அளக்கிறார்கள். வேலூரிலும் திருத்தணியிலும் கரூரிலும் மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் போகிறது. வெளிக்காற்று சூடாக இருந்தால் அதில் வெப்பத்தைக் கொட்டுவது கஷ்டம். அப்போது எந்த ஏ.சி.யாக இருந்தாலும் குளிர்விக்கும் திறன் குறையும், கரண்ட் அதிகம் இழுக்கும். அது இயந்திரத்தின் குறை அல்ல.

அதனால் முதலில் செலவில்லாத வேலைகளைச் செய்யுங்கள். உள்ளே ஃபில்டரைக் கழுவுங்கள். வெளி யூனிட்டின் காயிலில் தூசி அடைத்திருந்தால் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளி யூனிட்டுக்கு நேர் வெயில் பட்டால் காற்றோட்டத்தை மறைக்காமல் நிழல் கொடுங்கள். பிறகு ஒரு சாதாரண தெர்மாமீட்டரை எடுத்து, ஏ.சி. உறிஞ்சும் காற்றையும் அது ஊதும் காற்றையும் அளந்து பாருங்கள். பொதுவாக 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. அப்படியும் அறை குளிரவில்லை என்றால், அறைக்கு ஏ.சி. சின்னது, அல்லது மொட்டை மாடி வெயிலை அப்படியே உள்ளே இறக்குகிறது.

மூன்று வகைப் பழுது

சிறு பழுது: கெப்பாசிட்டர், சென்சார், ரிமோட், வடிகால் குழாய் அடைப்பு, ஃபேன் மோட்டார். இவற்றுக்காக ஏ.சி.யை மாற்றவே வேண்டாம். கம்ப்ரசர் ஓடவில்லை என்றதும் "கம்ப்ரசர் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் போயிருப்பது சில நூறு ரூபாய் கெப்பாசிட்டர்தான்.

நடுத்தரப் பழுது: பைப் இணைப்பில் லீக், இன்வெர்ட்டர் ஏ.சி.யின் பி.சி.பி. போர்டு. ஏழு எட்டு வருஷத்துக்கு உட்பட்டதாக இருந்தால் சரி செய்வதுதான் லாபம்.

பெரும் பழுது: கம்ப்ரசர் கெட்டுப் போவது, காயிலே அரித்துப் பல இடங்களில் லீக் ஆவது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இது சீக்கிரமே வரும். இங்கேதான் "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" கதை. ரிப்பேர் செலவு புது ஏ.சி. விலையில் பாதியைத் தொட்டால் மாற்றிவிடலாம். ஆனால் அதற்கு முன் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். பல கம்பெனிகள் மற்ற பாகங்களுக்கு ஒரு வருஷம் கொடுத்தாலும் கம்ப்ரசருக்கு மட்டும் 5 அல்லது 10 வருஷம் கொடுக்கின்றன. இது பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை.

எந்த கேஸ் என்றும் பாருங்கள். வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும். பழைய ஏ.சி.களில் இருப்பது ஆர்-22. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. அந்த கேஸில் ஓடும் புதிய ஏ.சி.களைத் தயாரிக்க 2025 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை. ஆகவே ஆர்-22 ஏ.சி.யில் காயில் அரித்துவிட்டால், அதற்கு மேல் பணம் போடாமல் இருப்பதே நல்லது. "ஆர்-22 கிடைக்கல, வேற கேஸ் போட்டுத் தரேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் ஆர்-22-ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுபவை. ஆர்-32 தீப்பிடிக்கும் தன்மையும் ஓரளவு உடையது. பழைய இயந்திரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மீட்டரைக் கேளுங்கள்

"புது ஏ.சி. வாங்கினா கரண்ட் பில்லுலயே காசு திரும்பிடும்" என்று கடையில் சொல்வார்கள். உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரவு படுக்கும்போதும் காலையிலும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.சி. போடாத ஓர் இரவிலும் அதே மாதிரி குறித்துக் கழித்தால், ஏ.சி. மட்டும் இழுத்த யூனிட் கிடைக்கும். உதாரணத்துக்கு, பழைய ஒன்றரை டன் ஏ.சி. ஓர் இரவுக்கு 10 யூனிட், புதிய 5 ஸ்டார் இன்வெர்ட்டர் 6 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4 யூனிட். வருஷத்துக்கு 150 இரவு என்றால் 600 யூனிட்.

நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில், அதுவும் படி ஏறும் கட்டணம். 2024 ஜூலையில் அமலான கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டியபின் 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய். அந்தப் படியில் இருக்கும் வீட்டுக்கு 600 யூனிட் மிச்சம் என்பது சுமார் 5,130 ரூபாய். புது ஏ.சி. 40,000 ரூபாய் என்றால் போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 8 வருஷம் ஆகும். 4.80 ரூபாய் படியிலேயே நிற்கும் சின்ன வீட்டுக்கு மிச்சம் 2,880 ரூபாய்தான். அதற்குக் கிட்டத்தட்ட 14 வருஷம் ஆகும்!

ஆக, ஓடுகிற ஏ.சி.யைக் கரண்ட் மிச்சத்துக்காக மட்டும் தூக்கி எறிவது சின்னக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பகலும் இரவும் 16 மணி நேரம் ஓடும் வீட்டில் மிச்சம் இரட்டிப்பாகும். கூடவே 15,000 ரூபாய் ரிப்பேரும் வந்து நின்றால், புதிதுக்காகக் கூடுதலாகப் போடுவது 25,000 ரூபாய்தான். 8.55 ரூபாய் படியில் அது இரண்டரை வருஷத்தில் திரும்பிவிடும். அங்கே தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால்

ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணும் வருஷமும் இருக்கும். 2018-ல் 5 ஸ்டாருக்கு 4.5 போதும். 2022-ல் ஸ்பிளிட் ஏ.சி.க்கு அது 5 ஆனது. பழைய ஸ்டாக்கின் 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. அதே லேபிளில் இருக்கும் வருஷ யூனிட், 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டு மணிக்கணக்குக்குத் தகுந்தபடி அதைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

மாட்டும்போது வாக்குவம் பம்ப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். பைப்பில் காற்றும் ஈரமும் தங்கினால் புது கம்ப்ரசரின் ஆயுள் குறையும். பழையதைக் கழற்றும்போது பைப்பை வெட்டி கேஸை வெளியே விட விடாதீர்கள். கேஸை வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைக்கலாம், அதற்குப் பெயர் பம்ப் டவுன். கம்ப்ரசர் ஓடாத நிலையில் கேஸை மீட்கும் கருவி உள்ளவரிடம் கொடுங்கள். பிறகு இயந்திரத்தை மின்கழிவு எடுப்பவரிடமோ, மாற்றிக்கொள்ளும் கடையிலோ ஒப்படையுங்கள்.

நண்பர்களே, இதற்கு வேண்டியது ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் சோப்பு நுரை, மீட்டர் எழுத ஒரு நோட்டு. மொத்தமும் நூறு, இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். நம்மில் சிலர் நாளைக்கு டூல் பையோடு இதே வேலைக்குப் போகப் போகிறோம். அப்போது லீக்கைத் தேடாமல் கேஸ் போட்டால் அந்த வீடு அடுத்த ஏப்ரலில் மறுபடி கூப்பிடும், நமக்கும் வருமானம்தான். ஆனால் அந்தப் பணம் நம் வீடு மாதிரி ஒரு வீட்டிலிருந்துதான் வருகிறது. அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்.