அயல்நாட்டு வாடகை வண்டியும் வேகத் தண்டமும்

காரைக்காலில் பிறந்தோர்க்குப் பிரான்சு தேசம் முற்றிலும் அயல்நாடன்று. 1739-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்ட காலம் நீங்கலாக, இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962-ல் உடன்படிக்கை நிறைவேறியபொழுது பிரெஞ்சுக் குடியுரிமையையே விரும்பி ஏற்ற குடும்பங்களும் உண்டு. ஆதலின், பாரிஸைச் சூழ்ந்த ஊர்களில் மாமன் வீடோ சிற்றப்பன் வீடோ உடையார் நம்முள் பலர். அங்கே விருந்து செல்வோர் வாடகைக்குக் கார் எடுத்து நாலிடமும் சுற்றி, மகிழ்ச்சியோடு ஊர் திரும்புகின்றனர். சில வாரங்கள் கழிந்தபின் தபாற்காரர் ஒரு கடிதத்தைக் கொணர்ந்து தருகின்றார். அக்கடிதத்தின் வரலாற்றையே ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுந்தோம்.

வழியில் எந்தக் காவலரும் நம்மை நிறுத்தவில்லையே, குற்றம் எங்ஙனம் வந்தது என்பதே யாவரும் முதற்கண் கேட்கும் வினா. பிரான்சில் 2003-ஆம் ஆண்டு முதல் வேகத்தை அளக்கும் தானியங்கிக் கருவிகள் சாலையோரங்களில் நிறுவப்பட்டு வருகின்றன. ரேடார் எனப்படும் இவற்றுட் பல, வானொலி அலைகளை ஓடும் வண்டியின்மேல் செலுத்துகின்றன. மீண்டு வரும் அலையின் அதிர்வு மாறுபாட்டினின்று வேகம் கணிக்கப்படுகிறது. உடனே நிழற்படமும் எடுக்கப்படும். வேறு சில, இரண்டு இடங்களுக்கு இடையே வண்டி ஓடிய நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கண்டுவிடும்; கருவியைக் கண்டவுடன் வேகத்தைத் தணித்து, கடந்தவுடன் கூட்டுவார்தம் சாமர்த்தியம் இவற்றினிடம் செல்லாது. படமும் கணக்கும் ரென் என்னும் நகரிலுள்ள நடுநிலையத்தைச் சேர, தண்டக் கடிதம் அங்கிருந்து புறப்படுகிறது.

இத்துணைக் கடுமை ஏன் எனின், அந்நாடு பட்ட துன்பம் அத்தகையது. 1972-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 18,000 பேருக்கு மேல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டனர். 2019-ல் அத்தொகை 3,300-க்கும் கீழே இறங்கியது. இருக்கைப் பட்டை, குடித்து ஓட்டுவார்க்குத் தண்டனை முதலியன பலவும் இதற்குத் துணைசெய்தன எனினும், வேகக் கட்டுப்பாட்டின் பங்கு சிறிதன்று. வசூல் வேட்டை என்று இதனை ஏசுவோர் அந்நாட்டிலேயே உளர். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எமக்கு அங்ஙனம் ஏச மனம் வரவில்லை.

நம்மவர் பெரும்பாலும் சிக்கும் இடம் ஒன்றுண்டு. பிரான்சில் ஊர் எல்லையில், வெள்ளைப் பலகையில் சிவப்பு விளிம்பிட்டு ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருக்கும். வேறு எண் குறிக்கப்படாதவிடத்து, அப்பெயர்ப் பலகையே மணிக்கு 50 கிலோமீட்டர் என்னும் கட்டளையாகும். அதே பெயரைச் சிவப்புக் கோட்டால் அடித்த பலகை வரும்வரை அக்கட்டளை நிற்கும். எண் எழுதிய பலகையைத் தேடிப் பழகிய நம் கண்ணுக்கு இஃது ஊர்ப்பெயராகவே தோன்றுமன்றி வேக வரம்பாகத் தோன்றாது. பாரிஸ் நகருள்ளோ 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் பெரும்பாலான தெருக்களில் 30-தான். நெடுஞ்சாலைகளுள் முதன்மையானவற்றில் 130. மழை பெய்தால் அதுவும் 110 ஆகிவிடும். மழையைக் கண்டு வரம்பு மாறும் வழக்கம் நமக்குப் புதிது.

அளவில் நேரும் பிழைக்கென்று சிறிது தள்ளிக் கொடுக்கின்றனர். நிலைத்த கருவியாயின், 100-க்குக் கீழ்ப்பட்ட வேகத்தில் 5 கிலோமீட்டரும், அதற்கு மேற்பட்டதில் நூற்றுக்கு 5 பங்கும் கழிப்பர். ஊருள் 58 எனக் கருவி காட்டினால் 53 என்று கொள்வர். மூன்றுதானே மிகுதி என்று நாம் எண்ணலாம். ஆயினும் ஊருள் 20-க்குக் குறைந்த மிகுதி யாதாயினும் தண்டம் 135 யூரோ. விரைந்து செலுத்துவார்க்கு அது 90 ஆகக் குறையும். தவணை கடந்தார்க்கு 375 ஆக உயரும். ஊர்ப்புறத்தே இதே அளவு மிகுதிக்கு 68-ம், 45-ம், 180-ம் ஆம். வெளிநாட்டில் வாழ்வார்க்குச் சற்று நீண்ட தவணை தருகின்றனர். இறுதி நாள் கடிதத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இனி வாடகை வண்டிக்கு வருவோம். படத்தில் தெரிவது வண்டியின் எண். எண்ணுக்குரியவர் வண்டியின் சொந்தக்காரர், அஃதாவது வாடகை நிறுவனம். ஆகவே முதற்கடிதம் நிறுவனத்துக்கே செல்லும். நிறுவனம் 45 நாளுக்குள் ஓட்டியவர் இன்னார் என்று அறிவிக்க வேண்டும்; அறிவியாவிடின் அதன் தலைவர்மீதே வேறொரு தண்டம் விழும். ஆதலின் ஒப்பந்தத்தில் கண்ட பெயரையும் முகவரியையும் உடனே எழுதி அனுப்பிவிடுகிறது. இம்முறை நம் நாட்டிலும் உள்ளதே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 133-ஆம் பிரிவில், ஓட்டியவர் யார் எனக் காவலர் கேட்டால் சொந்தக்காரர் கூறியாக வேண்டும் என்கிறது. பிவை 02 என்னும் எண்ணுடைய காரை நண்பரிடம் இரவல் வாங்கி, வடக்கே பூவம் கடந்தோ தெற்கே வாஞ்சூர் கடந்தோ தமிழ்நாட்டுச் சாலையில் விரைந்தால், செய்தி நண்பரின் கைப்பேசிக்கே வருகிறது. (1954 வரை அவ்வெல்லைகளைக் கடப்பதே அயல்நாட்டுப் பயணமாக இருந்தது! நம் பாட்டனார்கள் மாட்டு வண்டியிலேயே அயல்நாடு சென்று வந்தனர்.)

இங்கேதான் பெரியதொரு மயக்கம் நிகழ்கின்றது. பெயரை அறிவித்துக் கொடுத்த வேலைக்கென்று, நிறுவனம் நம் வங்கி அட்டையிலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தில் இதற்கு நாம் கையொப்பமிட்டிருப்போம். அத்தொகை தண்டமன்று, எழுத்துக்கூலியே. பலர் இதனைத் தண்டமென்றே கருதி, கடன் தீர்ந்தது என்று வாளாவிருந்துவிடுகின்றனர். பின்னர் அரசாங்கக் கடிதம் வரும்பொழுது, ஒருமுறை கட்டியாயிற்றே, இஃது ஏமாற்றுக்காரர் வேலை என்று கிழித்தெறிகின்றனர். 90 யூரோவில் முடிய வேண்டியது 375 ஆக வளர்வது இவ்வாறே. அரசாங்கத்தின் பெயரால் கைப்பேசியில் பொய்ச் செய்தி அனுப்பும் வஞ்சகரும் உண்மையில் உளராதலின், ஐயம் கொள்வது தவறன்று. கடிதத்திலுள்ள வண்டி எண், நாள், மணி, இடம் ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் ஐயம் நீங்கும்.

ஊருக்குத் திரும்பிவிட்டோம், இனி யார் என்ன செய்ய இயலும் என்று சொல்வாரும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் தம்முள் வண்டிச் சொந்தக்காரர் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள 2015-ல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. இந்தியா அதிற் சேர்ந்ததன்று. எனினும் காரைக்காலின் நிலை தனி. இங்கே பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறும் முதியோர் உளர். உயர்த்தப்பட்ட தண்டத்தை அந்நாட்டு வங்கிக் கணக்கினின்றோ ஓய்வூதியத்தினின்றோ பிடித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது.

முதியோரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னுமொன்று. அந்நாட்டு ஓட்டுநர் உரிமத்திற்குப் புள்ளிகள் 12. குற்றத்திற்கேற்ப அவை கழிந்து, முற்றும் தீர்ந்தால் உரிமமே போய்விடும். ஆங்கு வேலை பார்க்கும் இளைஞர்க்கு உரிமம் போவது பிழைப்பே போவதாம். ஆகவே தாம் ஓட்டிய வண்டிக்கு, “மாமா, நீங்கள் ஓட்டியதாக எழுதிவிடலாமா? உங்கள் உரிமத்தில் புள்ளி இல்லையே” என்று கேட்பதும், மாமா பாசத்தால் “போட்டுக்கொள் தம்பி, ஊருக்குப் போகிறவன்தானே” என்று தலையசைப்பதும் நேரக்கூடியனவே. இவ்வுதவி அன்பினால் செய்யப்படுவதே. ஆனால் பொய்யாக ஒருவர் பெயரை அறிவித்தல் அந்நாட்டுச் சட்டப்படி வேகத்தினும் கொடிய குற்றம். முன்புறத்தினின்று எடுத்த படமாயின், இருபத்தைந்து வயதினர் முகத்தை அறுபத்தைந்து வயதினரதென்று யார் நம்புவர்? அன்றியும், ஒப்பந்தத்திற் பெயரில்லாதவர் ஓட்டி விபத்து நேருமாயின் காப்பீடும் கைவிட்டுவிடக்கூடும். யார் யார் ஓட்டுவர் என்பதை வண்டி எடுக்கும்பொழுதே எழுதுவித்துவிட்டால், பின்னர் மாமனும் மருகனும் சங்கடப்பட வேண்டுவதில்லை.

குற்றம் செய்யாதார்க்கு மறுக்கும் உரிமையும் உண்டு. பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக முடியுமாதலின், மறுப்போர் கட்டுதல் கூடாது. கடிதத்தோடு வரும் படிவத்தில் காரணம் எழுதி அனுப்புதல் வேண்டும். ஓட்டியவர் வேறொருவர் என்று மெய்யாகவே அறிவிப்பவர் முன்பணம் கட்ட வேண்டுவதில்லை. வேகம் தவறாக அளக்கப்பட்டது என்று வாதிடுவோரோ, தண்டத்துக்குச் சமமான தொகையை முன்னரே வைப்பாகச் செலுத்துதல் வேண்டும். இவையனைத்திற்கும் கடிதம் கைக்குக் கிட்டுதல் வேண்டுமன்றோ! வாடகை ஒப்பந்தத்தில் உறவினர் வீட்டுப் பிரெஞ்சு முகவரியை எழுதிவிட்டு, அவர் வீடு மாறிவிட்டால் கடிதம் யாருக்கும் சேராது. காரைக்கால் முகவரியைப் பின்கோடு எண்ணோடும், கதவின் பழைய எண் புதிய எண் இரண்டோடும் தெளிவாக எழுதி, ஒப்பந்தத்தின் படி ஒன்றை ஓராண்டேனும் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்தல் நலம்.