‘ஃப்ரீ’ கார்டில் மாதம் எவ்வளவு மிஞ்சும்?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. சிங்கப்பெருமாள் கோவில் ஜிஎஸ்டி சாலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது, சம்பள வாரத்தில் பையன்கள் தவறாமல் கேட்பார்கள்: “அக்கா, லைஃப்டைம் ஃப்ரீ கார்டு தர்றாங்க. அஞ்சு பர்சென்ட் கேஷ்பேக்காம். வாங்கலாமா?”

வாங்கலாம். அந்த ஐந்து சதவீதம் நம்முடைய எந்தச் செலவுக்குக் கிடைக்கும் என்று மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

அவர்கள் அதிகம் கேட்கும் அமேசான் பே ஐசிஐசிஐ கார்டையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் வந்தது. சேரும் கட்டணமும் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை. அமேசானில் வாங்கினால் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவீதம், மற்றவர்களுக்கு 3. வெளிக் கடைகளில் தேய்த்தால் 1. பெட்ரோலுக்குக் கிடையாது, மாதத் தவணையில் வாங்கும் பொருளுக்கும் கிடையாது. ஒரகடத்துக்கு பைக்கில் போய்வந்து, தவணையில் செல்போன் வாங்கும் பையனுக்கு அவனுடைய இரண்டு பெரிய செலவுமே கணக்கில் சேராது. மளிகைக் கடை க்யூஆரில் ஸ்கேன் பண்ணவும் முடியாது. 2022-லிருந்து யுபிஐயோடு இணைவது ரூபே கிரெடிட் கார்டுதான், இது விசா.

மிச்சம் என்ன? அமேசானில் மாதம் 2,000, சூப்பர் மார்க்கெட்டிலும் துணிக்கடையிலும் 5,000 என்று வையுங்கள். பிரைம் இல்லாதவனுக்கு 60-ம் 50-ம் சேர்ந்து 110 ரூபாய். அதுவும் வங்கிக் கணக்குக்கு வராது, அமேசான் பே இருப்பில் ஏறும். கூடுதல் 2 சதவீதத்துக்காக 1,499 ரூபாய் சந்தா கட்டினால், வருடம் கிட்டத்தட்ட 75,000 ரூபாய்க்கு அங்கே வாங்கினால்தான் அந்தக் காசே திரும்பும்.

சும்மா வருகிற 110 ரூபாயை விடுவானேன்? விட வேண்டாம். ஆனால் கேஷ்பேக்குக்குப் பணம் வருவது கடைக்காரர் தரும் கட்டணத்திலிருந்தும், பாக்கி வைப்பவர்கள் கட்டும் வட்டியிலிருந்தும்தான். பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு சின்ன எண் இருக்கும். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி வரும். மாதம் 3.5 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 42. பாக்கி 20,000 என்றால் ஒரு மாத வட்டி 700, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. ஏழு மாதம் சேர்த்தது ஒரே மாதத்தில் போய்விடும். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கியதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனக்கு இது பெரிய வருத்தம்.

அதனால் கார்டு கைக்கு வந்த அன்றே ஆட்டோ டெபிட் போடச் சொல்கிறேன். குறைந்தபட்சத் தொகைக்கு அல்ல, மொத்தத் தொகைக்கு. பில் தேதி சம்பளத் தேதிக்கு ஒத்துவரவில்லையா, மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதி அதற்கு இடம் தருகிறது. கார்டே வேண்டாம் என்று தோன்றினால் பாக்கியைத் தீர்த்துவிட்டு, மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கிதான் உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும்.