வீடு சொந்தம், மண் வாடகை

அமெரிக்காவின் மொபைல் ஹோம் பார்க்குகளில் வாழும் ஏழைகளுக்கு உள்ளாட்சிகள் தரும் வாடகை உதவி எப்படி இயங்குகிறது?

கலிஃபோர்னியாவில் மொபைல் ஹோம் பார்க் ஒன்றில் வாடகையை ஏற்ற வேண்டுமானால், பார்க் நிர்வாகம் 90 நாளுக்கு முன்பே அதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மாநிலச் சட்டம் அப்படி. கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது: இப்போதைய வாடகை இவ்வளவு, இன்ன தேதியிலிருந்து இவ்வளவு. அடுக்குமாடியில் குடியிருப்பவர் கையில் அது கிடைத்தால், கட்டுப்படியாகாது என்று வேறு வீடு தேடக் கிளம்பிவிடுவார். பார்க்கில் இருப்பவரால் அது முடியாது. வீடு அவருடையது. அதன் அடியில் கிடக்கும் மண் மட்டும் இன்னொருவருடையது.

சென்னையில் கோயில் மனையில் தன் காசில் வீடு கட்டிக்கொண்டு மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர் ‘அடிமனை வாடகை’ என்று சொல்வதைத்தான் அங்கே ‘லாட் ரென்ட்’, ‘ஸ்பேஸ் ரென்ட்’ என்கிறார்கள். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து இறக்கும் இத்தகைய வீடுகளில் அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர் வசிக்கிறார்கள். எல்லோரும் பார்க்கில் இல்லை. சொந்த நிலத்தில் இறக்கிக்கொண்டவர்களும் உண்டு. சிக்கல் பார்க்கில் இருப்பவர்களுக்குத்தான். அவர்களில் ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் முதியவர்கள் கணிசம்.

நகராத ‘மொபைல்’

பெயரில் ‘மொபைல்’ இருக்கிறதே, வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாமே என்று தோன்றும். வீட்டின் அடிப்புறத்தைச் சுற்றி அடைத்திருக்கும் தகடுகளில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் நீளமான இரும்புச் சட்டகம் தெரியும். தொழிற்சாலையிலிருந்து சாலை வழியே வந்தபோது சக்கரங்கள் இதில்தான் மாட்டியிருந்தன. வந்து இறங்கியதும் சக்கரத்தைக் கழற்றி, கான்கிரீட் கட்டைகளின் மேல் உட்காரவைத்து, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் இணைத்துவிடுகிறார்கள். 1976 ஜூன் 15-க்குப் பிறகு செய்யப்பட்ட வீடு என்றால் வெளிச்சுவரின் ஓரத்தில் சிறிய சிவப்பு உலோகத் தகடு அறைந்திருக்கும். ‘ஹட்’ எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் தர விதிகளுக்கு உட்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்குப் பிறகு சட்டத்தின் மொழியில் இவை ‘மொபைல்’ வீடுகள் அல்ல, ‘உற்பத்தி செய்யப்பட்ட’ வீடுகள். மக்கள் வாயில் பழைய பெயரே தங்கிவிட்டது.

ஒருமுறை இறக்கிய வீட்டை மறுபடி கிளப்புவது பெரிய வேலை. திண்ணை, கார் நிறுத்தும் கூரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இரட்டை அகல வீடு என்றால் நடுவில் இரண்டாகப் பிளக்க வேண்டும். இழுவை வண்டியும் சாலை அனுமதியும் வேண்டும். பல ஆயிரம் டாலர் கரைந்துவிடும். அவ்வளவும் செய்த பிறகு, பழைய வீட்டைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அடுத்த பார்க்கில் கைவிரிக்கலாம். நூறு மொபைல் வீடுகளில் ஒன்றுதான் இறக்கிய இடத்தை விட்டு எப்போதாவது நகர்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1992-ல் ஒரு தீர்ப்பில் குறித்தது.

இந்தப் பிடிமானத்தை முதலீட்டாளர்கள் நன்றாக அறிவார்கள். பார்க்குகளை வாங்கி நடத்துவதில் பேர்போன ஃபிராங்க் ரோல்ஃப் இந்தத் தொழிலை ‘வாஃபிள் ஹவுஸ்’ என்ற நெடுஞ்சாலை உணவகத்தோடு ஒப்பிட்டார். வாடிக்கையாளர்களை இருக்கையோடு சங்கிலியால் கட்டிப்போட்ட வாஃபிள் ஹவுஸ். விலையை ஏற்றினாலும் எழுந்து போக முடியாதவர்கள் என்பதுதான் பொருள்.

பணம் எந்த வாய்க்காலில் வருகிறது

உதவி கேட்டு மக்கள் போய் நிற்பது நகர மன்றத்திலோ, நம் மாவட்டம் போன்ற கவுண்டியின் அலுவலகத்திலோ, வீட்டுவசதி ஆணையத்திலோதான். ஆனால் அங்கே பட்டுவாடாவாகும் பணத்தில் பெரும்பங்கு தலைநகர் வாஷிங்டனிலிருந்து வருகிறது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மதகு உண்டு.

முதலாவது, ‘செக்‌ஷன் 8’ வவுச்சர். ஹட் பணம் தருகிறது, உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் கட்டினால் மீதியை வவுச்சர் ஏற்கும். அடுக்குமாடிக்கு மட்டும் அல்ல, சொந்த மொபைல் ஹோமின் இட வாடகைக்கும் இதைப் பயன்படுத்தலாம். நீண்ட கால உதவி இது ஒன்றுதான். கிடைப்பதுதான் கடினம்: மத்திய அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குத்தான் எட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகர ஆணையம் 2022 அக்டோபரில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு காத்திருப்போர் பட்டியலைத் திறந்தபோது 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் 30,000 பேர் பட்டியலில் ஏறினார்கள். கவனிக்க வேண்டும்: கிடைத்தது வவுச்சர் அல்ல, வரிசையில் ஓர் இடம்.

இரண்டாவது, ‘ஹோம்’ என்ற மத்திய நிதி. நகரங்களும் கவுண்டிகளும் இதிலிருந்து வாடகை உதவித் திட்டம் நடத்தலாம். ஆனால் ஒரு குடும்பத்துடன் போடும் ஒப்பந்தம் 24 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. பணம் இருந்தால் புதுப்பிக்கலாம். மூன்றாவது, சமுதாய மேம்பாட்டு மானியம். சாலை, சாக்கடை, சமுதாயக் கூடம் போன்றவற்றுக்கானது என்பதால், இதை மாதாந்திர வருமானம்போல் யாருக்கும் கொடுக்க விதி இடம் தருவதில்லை. நெருக்கடி என்றால் தொடர்ந்து 3 மாதம் வரை தரலாம். அதுவும் குடியிருப்பவர் கையில் அல்ல, வாடகை வாங்குபவரிடம் நேராக.

உள்ளூர் நிதியும் ஒரு காலத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவில் நகர மறுமேம்பாட்டு முகமைகள் தங்கள் வரி வரவில் 20 சதவீதத்தைக் குறைந்த, நடுத்தர வருமானத்தினரின் வீட்டுவசதிக்கு ஒதுக்கியாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. பட்ஜெட் நெருக்கடியில் மாநிலம் அந்த முகமைகளையே கலைத்தது. 2012 பிப்ரவரி 1-ஆம் தேதி சுமார் 400 முகமைகள் மூடப்பட்டன. நகரங்களின் கையிலிருந்த அந்தப் பணமும் போனது.

கோவிட் காலத்தில் நிலைமை கொஞ்ச நாள் மாறியது. 2020 டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் நாடாளுமன்றம் இரு தவணையாக ஒதுக்கிய 4,600 கோடி டாலருக்கும் மேற்பட்ட அவசர வாடகை நிதியில் மொபைல் ஹோமின் இட வாடகையும் சேரும் என்று கருவூலத் துறை தெளிவுபடுத்தியது. 2 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகள் இந்தப் பணத்தை நேரடியாகப் பெற முடிந்தது. அந்த வெள்ளம் வடிந்துவிட்டது.

ஒரு கணக்கு

வவுச்சர் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். தனியாக வாழும் மூதாட்டி. மாதம் 1,400 டாலர் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம். இட வாடகை 950. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 150. வீட்டுக் கடன் தவணை 200. காப்பீடும் வரியும் 80. மொத்தம் 1,380. கையில் மிஞ்சுவது 20 டாலர். சாப்பாடு, மருந்து எல்லாம் அதற்குள்.

பழைய விதிப்படி இட வாடகைக்கான உச்சவரம்பு, அந்த வட்டாரத்தில் இரு படுக்கையறை வீட்டின் நியாய வாடகையில் 40 சதவீதம். நியாய வாடகை 2,000 என்று வைத்துக்கொண்டால் வரம்பு 800. அதில் அவர் பங்கான 420-ஐக் கழித்தால் கிடைக்கும் உதவி 380. கடன் தவணையை வவுச்சர் கண்டுகொள்ளவே செய்யாது. ஆக அவர் கையை விட்டுப் போவது 1,000 டாலர்.

2016-ல் நிறைவேறிய சட்டத் திருத்தம் இதை மாற்றியது. 2017-ல் நடைமுறைக்கு வந்தது. 40 சதவீதக் கட்டு நீங்கியது. வீட்டுக் கடன் தவணை, காப்பீடு, சொத்து வரி ஆகியவையும் வீட்டுச் செலவில் சேர்ந்தன. ஒரு படுக்கையறைக்கு ஆணையம் வைத்த வரம்பு 1,600 என்றால், அவருடைய 1,380 அதற்குள் அடங்குகிறது. அவர் தருவது 420. வவுச்சர் தருவது 960. ஓய்வூதியத்தில் 980 டாலர் மிஞ்சுகிறது. பழைய விதியில் மிஞ்சியது 400.

இதே கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அந்த 960-ல் 950 நேரே போவது பார்க் உரிமையாளருக்கு. அடுத்த ஆண்டு அவர் வாடகையை 1,050 ஆக்கினால்? மூதாட்டியின் பங்கு அதே 420. கூடுதல் 100 டாலரை ஏற்பது அரசு. வாடகை நியாயமானதா என்று ஆணையம் சோதிக்கத்தான் செய்கிறது. அக்கம்பக்கத்துப் பார்க்குகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறது. அங்கேயும் வாடகை ஏறியிருந்தால் இதுவும் நியாயம் ஆகிவிடும்.

உதவியா, உச்சவரம்பா?

அதனால்தான் பல நகரங்கள் உதவியோடு நிற்காமல் வாடகையையே கட்டுப்படுத்தப் போயின. சான் டியேகோவுக்கு வடக்கே இருக்கும் எஸ்கொண்டிடோவில் 1988-ல் வாக்காளர்களே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்: மொபைல் ஹோம் பார்க் வாடகை 1986-ல் இருந்த அளவுக்குத் திரும்ப வேண்டும், இனி நகர மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் ஏற்றக்கூடாது. இரண்டு பார்க்குகளை வைத்திருந்த யீ தம்பதி வழக்குத் தொடுத்தார்கள். எங்கள் நிலத்தில் வேறொருவர் நிரந்தரமாகக் குடியிருக்கச் சட்டமே வழிசெய்கிறது, இது நிலத்தைப் பறிப்பதற்குச் சமம் என்பது அவர்கள் வாதம். 1992-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்க மறுத்தது. உரிமையாளர்கள் தாங்களாகவே நிலத்தை வாடகைக்கு விட்டவர்கள். அந்த உறவை ஒழுங்குபடுத்துவது நிலத்தைக் கைப்பற்றுவது ஆகாது என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதினார். நூறில் ஒன்றுதான் நகர்கிறது என்ற குறிப்பும் இந்தத் தீர்ப்பில் உள்ளதுதான்.

உரிமையாளர் தரப்பிலும் தள்ளிவிட முடியாத வாதம் உண்டு. ஏழைக்கு உதவுவது ஊர் முழுவதன் பொறுப்பு. அதை ஏன் ஒரு நில உரிமையாளர் தலையில் மட்டும் கட்ட வேண்டும்? வரம்பு வைத்தால் பார்க்கில் இருக்கும் வசதியானவருக்கும் அதே சலுகைதானே? வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, தேவைப்பட்டவருக்கு மட்டும் உதவி கொடுங்கள் என்கிறார்கள் அவர்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வரம்புக்கு உட்பட்ட இடத்தில் நிற்கும் வீட்டை விற்கும்போது, வீட்டின் மதிப்போடு குறைந்த வாடகையின் மதிப்பும் விலையில் ஏறிக்கொள்கிறது. அப்போது வரம்பின் பலன் இன்று குடியிருப்பவருக்கு. நாளை வாங்க வருகிற ஏழைக்கு வாசலிலேயே கூடுதல் விலை.

வரம்பு வைப்பது இப்போது நகர மன்றத்தோடு நிற்கவில்லை. வாஷிங்டன் மாநிலம் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டத்தில், இத்தகைய பார்க்குகளின் இட வாடகை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு கட்டியது.

மண்ணையே வாங்கிய கதை

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் பாலோ ஆல்டோ. நாட்டிலேயே வீட்டு விலை உச்சத்தில் இருக்கும் ஊர்களில் ஒன்று. அங்கே எல் கமினோ ரியல் சாலையை ஒட்டி இருக்கும் புவேனா விஸ்டாதான் ஊரின் ஒரே மொபைல் ஹோம் பார்க். சுமார் 400 பேர். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்கள். 2012-ல் பார்க்கை மூடப்போவதாக உரிமையாளர்கள் அறிவித்தார்கள்.

இங்கே வாடகை உதவி எதற்கும் பயன்பட்டிருக்காது. வாடகை கட்ட இடமே இருக்காதே. ஐந்து ஆண்டு விசாரணைகளுக்கும் வழக்குகளுக்கும் பிறகு, 2017-ல் சாண்டா கிளாரா கவுண்டியும் பாலோ ஆல்டோ நகரமும் பணம் போட, கவுண்டியின் வீட்டுவசதி ஆணையம் சுமார் 4 கோடி டாலருக்குப் பார்க்கை வாங்கியது. குடியிருந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள்.

குடியிருப்பவர்களே சேர்ந்து வாங்கிய பார்க்குகளும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் ஊரில் 1984-ல் 13 வீட்டுக்காரர்கள் கூட்டுறவு அமைத்துத் தங்கள் பார்க்கை வாங்கினார்கள். அந்த வழியைப் பரப்ப 2008-ல் தொடங்கிய ‘ராக் யுஎஸ்ஏ’ அமைப்பின் வலைப்பின்னலில் இன்று 300-க்கும் மேற்பட்ட பார்க்குகள் உள்ளன. வாடகை அங்கேயும் உண்டு. எவ்வளவு என்பதைக் கூட்டம் கூடி வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.

அந்த 90 நாள்

கடிதம் வந்த வீட்டில் இதெல்லாம் சீக்கிரமே தாள்களைத் தேடும் வேலையாகிவிடுகிறது. வாடகை உயர்வுக் கடிதம், ஓய்வூதியச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கடன் தவணை ரசீது. பிறகு, வீடு தன்னுடையதுதான் என்பதற்கான பதிவுச் சான்று. மொபைல் ஹோமுக்கு நிலப் பத்திரம் கிடையாது. காருக்கு இருப்பதுபோல் ‘டைட்டில்’தான். கலிஃபோர்னியாவில் அதை மாநில வீட்டுவசதித் துறை தருகிறது. கைமாறும்போது பலர் அதை மாற்றிப் பதிவதில்லை. இறந்துபோன கணவர் பெயரிலோ, முன்பு விற்றவர் பெயரிலோ கிடக்கும். பழைய கட்டணமும் வரியும் ஏறியிருக்கும். இப்படிச் சிக்கியவர்களுக்காகவே மாநிலம் 2017-ல் தொடங்கிப் பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தியது.

பெயர் மாறும்வரை, சொந்த வீட்டுக்காரர் என்று விண்ணப்பத்தில் எழுதியதற்கு அத்தாட்சி இல்லை. உயர்ந்த வாடகையைக் கட்ட நாள் தவறினால், 3 நாளில் கட்டு என்று ஒரு நோட்டீஸும், 60 நாளில் இடத்தைக் காலி செய் என்று இன்னொரு நோட்டீஸும் வரலாம். காலி செய்ய வேண்டியது இடத்தை. அதன் மேல் நிற்கும் வீட்டைத் தூக்கிக்கொண்டு போவது அவர் பாடு.