எங்களைக் கேட்டீர்களா?

2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டாரத்தில் கடைகள் திறக்கவில்லை. நரசிங்கம்பட்டியில் கூடிய கூட்டம் மதுரையை நோக்கிப் புறப்பட்டது. நடையாகப் போனவர்கள் பாதி, வண்டிகளில் போனவர்கள் மீதி. வயற்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்த பெண்கள், பேரன் கையைப் பிடித்து வந்த பெரியவர்கள் என்று தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை சாலை நிறைந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்ய வேண்டும் என்பதுதான் ஒரே கோரிக்கை.

அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இந்தியாவைவிட்டுப் பிரிந்து போகிறோம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரை எங்களைக் கேட்காமல் எப்படி ஏலம் போட்டீர்கள் என்றுதான் கேட்டார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1 சதவீதம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பின்தங்கிய பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் வளர்ச்சி நிதி அங்கே ஆண்டாண்டாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த கார்ன்வாலே 56 சதவீதத்துக்கு மேல் வெளியேறும் பக்கம் வாக்களித்தது. வெளியிலிருந்து வந்து குடியேறுவோர் மீதான பயமும் ஒரு காரணம் என்பார்கள், அதுவும் உண்டுதான். ஆனால் பணம் கொடுத்த இடத்திலேயே எதிர்ப்பு வந்தது ஏன்? தங்களைப் பற்றிய முடிவு எங்கோ பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்படுகிறது, அதில் தங்களுக்குக் குரல் இல்லை என்ற எண்ணம் அங்கே ஊறிப் போயிருந்தது. அதிகாரத்தை நம் கைக்கு மீட்போம் என்ற முழக்கம் எடுபட்டது அதனால்தான்.

எங்கள் பகுதிக்கு வருகிறேன். 2023-ல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குப் போனது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி ஏலத்தின் முடிவு வெளியானது. பரப்பு 2,015 ஹெக்டேர், அதாவது ஐயாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் அரிட்டாபட்டியும் வருகிறது. தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 2022-ல் அறிவிக்கப்பட்ட ஊர் அது. சமணர் படுக்கை, தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் அந்த மலைகளில் இருக்கின்றன. மந்தையில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் பேசிப் பேசி எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த வட்டாரம் இது. இங்கே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதம் முடிவதற்குள் கிராம சபைகள் ஒவ்வொன்றாகத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. டங்ஸ்டன் நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய உலோகம், அதை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்க முடியுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

கேட்காமல் முடிவெடுத்த ஒன்றிய அரசு, பிறகு காது கொடுத்துக் கேட்டது. அதனால்தான் தல்லாகுளத்துக்குப் போனவர்கள் கோபத்தோடு நிற்காமல் வீடு திரும்பி நாற்று நட்டார்கள்.

பிரிவினை பேசிய காலம் தமிழகத்துக்கும் இருந்தது. 1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா தன் முதல் உரையிலேயே திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை வேண்டும் என்று பேசினார். அவரை யாரும் வெளியே தள்ளவில்லை, முழுப் பேச்சையும் அவை கேட்டது. அந்த அக்டோபரில் சீனப் போர் வந்தது. 1963-ல் அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காதவர் தேர்தலில் நிற்க முடியாது என்றானது. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் கோரிக்கைக்கான காரணங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொல்லிவைத்தார். நான்கே ஆண்டில், 1967-ல், அதே கட்சி கோட்டையில் அமர்ந்தது. மறு ஆண்டு இருமொழிக் கொள்கை, 1969-ல் தமிழ்நாடு என்ற பெயர். ஒரு கதவை மூடிய நாடு இன்னொரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில், இரண்டு கதவுகளும் மூடப்பட்டன. 1976-ல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 தேர்தலில் தமிழர் கட்சி நாடாளுமன்றத்தின் பிரதான எதிர்க்கட்சி. 1983 ஆகஸ்ட்டில் ஆறாவது திருத்தம் வந்து, பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னது. மறுத்த தமிழ் உறுப்பினர்கள் பதவியை இழந்தார்கள். சட்டம் ஏறத்தாழ இந்தியா கொண்டுவந்ததைப் போன்றதுதான். ஆனால் அங்கே தமிழனுக்கு வாக்குப் போட்டுப் பிடிக்க ஒரு கோட்டை இல்லை. அதற்குப் பின் நடந்ததை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் வெளியேறுவதுதான் வழியா என்றால், இல்லை என்று மேலூர் விவசாயியால் சொல்ல முடியும். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் கேரள மண்ணில் நிற்கும் பெரியாறு அணையிலிருந்து வருகிறது. 1886-ல் திருவிதாங்கூரோடு போட்ட 999 ஆண்டுக் குத்தகை, 1895-ல் அணை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, கள்ளந்திரியைத் தாண்டி மேலூருக்கு வருகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், எங்களுக்கு ஒருபோகம். நீர்மட்டம் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் சொன்னது உச்ச நீதிமன்றம். இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் பொதுவாக ஒரு நீதிமன்றம் இருப்பதால் இந்த வழக்கு வழக்காகவே இருக்கிறது. நடுவில் ஒரு நாட்டு எல்லை விழுந்திருந்தால், கடைமடைக்காரன் எந்த வாசலில் போய் மனுக் கொடுப்பான்?

பிரிட்டனும் இப்படித்தான் மாட்டியது. அயர்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. வெளியேறினால் அங்கே என்ன ஆகும் என்பது வாக்குக் கேட்டவர்களின் பேச்சில் பெரிதாக வரவில்லை. பிறகு அதுவே பெரிய முடிச்சாகி, வெளியேறும் நாள் தள்ளித் தள்ளிப் போய், 2020 ஜனவரி 31-ல்தான் வெளியேற முடிந்தது. பிரான்சின் தீவிர வலதுசாரிகள் வெளியேறும் பேச்சை விட்டுவிட்டார்கள். ஆனால் அவர்கள் வளர்ச்சி நிற்கவில்லை. 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரான்சில் 31 சதவீத வாக்குகள் அவர்களுக்கு. ஜெர்மனியில் 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் அதே வகைக் கட்சி 20.8 சதவீதத்தோடு இரண்டாவது இடம். 2024 தொடக்கத்தில் அந்த நாடுகளின் விவசாயிகள் டிராக்டர்களோடு தெருவுக்கு வந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆள்பவர்கள் அந்த விவசாயிகளின் குறையைக் கேட்காவிட்டால், அண்டை வீட்டுக்காரன் மேல் பழி போடுகிறவர் வந்து கேட்பார். இது எனக்கு உண்மையாகவே பயம் தருகிறது.

என் பெரிய கவலையை இங்கே சொல்லியாக வேண்டும். மக்களவையில் தமிழகத்துக்கு 39 இடங்கள். முன்பு 41 இருந்தது, 1967 தேர்தலில் 39 ஆனது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் இழக்கக் கூடாது என்று 1976-ல் இடங்களின் எண்ணிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. 2001-ல் அது 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. அந்தக் காலம் முடிந்து மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பிரித்தால் 543-ல் 39 என்ற நம் பங்கு இன்னும் இளைக்கும். எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு வேண்டும் என்பது வட மாநிலத்தவர் வாதம். குடும்பக் கட்டுப்பாட்டை நாடே கேட்டது, நாம் செய்தோம். செய்ததற்காகக் குரலை இழப்பது என்ன நியாயம்? அடுத்த முறை அரிட்டாபட்டி போல் ஒன்று வரும்போது டெல்லியில் எழுந்து நின்று பேச நமக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? மேலூர் மதுரை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. நாம் அனுப்பும் ஒருவரின் குரலுக்கு அவையில் எடை குறைந்துவிட்டால், தல்லாகுளத்துக்கு எத்தனை முறை நடப்பது?

இடங்களின் பங்கு மாறக்கூடாது என்ற உத்தரவாதம் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். கனிம ஏலத்துக்கு முன்னால் அந்தந்தக் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த இரண்டையும் கேளுங்கள். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாட்களில் வேலையை ஒதுக்கிவிட்டுப் போய் உட்காருங்கள். சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.