இரு வீட்டுக்கு ஒரு பிள்ளை

பேசாலையில் தாயுடனும் தாய்மாமன்மாருடனும் வாழும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். தகப்பனார் முருங்கனில் கட்டுக்கரைக் குளத்து நீரில் நெற்செய்கை செய்பவர். ஒன்பது வயதில் அவனைத் தாயிடம் ஒப்படைத்தது நீதிமன்றம். ஞாயிறுதோறும் மன்னார்ப் பாலத்தைக் கடந்து தகப்பனாரைக் கண்டு திரும்புகிறான். இப்பொழுது அங்கேயே தங்கிவிட விரும்புகிறான். ஆனால், "அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?" என்ற ஒரு கேள்வி அவன் வாயைக் கட்டிவிடுகிறது.

பையன் மெல்ல வாய் திறந்தாலோ, "யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்" என்கிறார் ஒருவர். "வளர்த்த நன்றியில்லை" என்கிறார் மற்றொருவர். கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நம் கரையோரத்தில் விவாகரத்தே வெளியில் பேசக் கூசும் செய்தி. அதனால் பிள்ளையின் ஏக்கம் வீட்டுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது.

இக்கேள்வி புதியதன்று. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, மனைவியை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால் இளம்பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டியோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பது வழக்கமென்றும், தாயின் சீதனமும் பிள்ளைகளோடு செல்லவேண்டுமென்றும் கூறுகிறது. பிள்ளையின் சொத்தைக் காத்த அவ்விதி, அவன் விருப்பம் யாதென வினவவில்லை. நம் முஸ்லிம் அயலவர் பின்பற்றும் ஷாபி மத்ஹபோ வினவுகிறது. ஏறக்குறைய ஏழு வயதில் பகுத்தறிவு வந்தபின், தகுதியுடைய பெற்றோர் இருவருள் ஒருவரைப் பிள்ளை தேர்ந்துகொள்ளலாம். பின்னர் மனம் மாறினால் மற்றவரிடம் செல்லவும் இடமுண்டு.

1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் காரியத்தில் கருத்துரைக்கப் பிள்ளைக்கு உரிமையுண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்தை மதிக்கவேண்டும் என்றும் அதன் 12ஆம் உறுப்புரை விதிக்கின்றது.

ஆயினும் பிள்ளை சொன்னதே தீர்ப்பாகிவிடாது. நீதிமன்றம் முதன்மையாக நோக்குவது அவன் நலனையே. படிப்புக்காகவோ, தகப்பனாரின் துணையை நாடியோ, வீட்டில் நேரும் துன்பத்துக்கு அஞ்சியோ அவன் மாற விரும்பலாம். கண்டிப்புக்குத் தப்ப எண்ணியும் விரும்பலாம். அடியும் அச்சமுமே காரணமாயின் காலந் தாழ்த்தலாகாது. நீதிபதி பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுவதும், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பெறுவதும் உண்டு.

முன்னைய கட்டளை கல்லில் வெட்டிய எழுத்தன்று. நிலைமை மாறினால் அதனை மாற்றும்படி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இருவரும் இணங்கினால் வழி எளிது. சட்டத்தரணியை அமர்த்தப் பொருள் வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிவிடுதல் மட்டும் தகாது. அதனால் தகப்பனாரே நீதிமன்றக் கட்டளையை மீறியவராக நேரிடும்.

மாணவ நேயர்களுக்கு ஒரு சொல்: நம்பத்தக்க ஆசிரியரிடமோ, மதகுருவிடமோ, இரு வீட்டாரும் மதிக்கும் பெரியவரிடமோ முதலில் மனந்திறந்து பேசுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள், குற்றஞ் சுமத்தாதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று: "நானா, அவரா?" என்று பிள்ளையைக் கேளாதீர்கள். வீட்டை மாற்றக் கேட்பவன் தாயை மாற்றக் கேட்கவில்லை. 1990இல் போரில் உடைந்த மன்னார்ப் பாலத்துக்கு மாற்றாகப் புதிய பாலம் 2010இல் திறக்கப்பெற்றது. தீவிலிருந்து பெருநிலத்துக்குச் செல்வோரும் அதன்மேல்தான் செல்கின்றனர். தீவுக்குத் திரும்புவோரும் அதன்மேல்தான் திரும்புகின்றனர். பையன் முருங்கனுக்குப் போனாலும், ஞாயிறுதோறும் பேசாலைக்கு வரும் பாதை திறந்திருக்கட்டும்.